தங்கவயல் கல்லறைத் தோட்டத்தில்

கோலார் தங்கவயலிலுள்ள பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் பேய் நடமாடுகிறது என்னும் பேச்சு நம் செவிக்கும் எட்டிற்று. நள்ளிரவில் மண்ணுக்கடியிலிருந்து யாரோ இடிப்பது போன்ற ஓசை. சிலுவைகளினிடையே தவழும் வெண்ணுருவம். விடியுமுன் ஒரு கல்லறையருகே தோன்றி மறையும் விளக்கு. இவற்றைக் கண்டோமென்றும் கேட்டோமென்றும் கூறுவோர் குடிகாரருமல்லர், பொய்யருமல்லர். ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர்களே. அச்சத்தால் அந்தி சாய்ந்தபின் அவ்வழியே ஆள் நடமாட்டம் அற்றுப்போயிற்று. கல்லறைத் திருநாளன்றுங்கூட மெழுகுதிரி ஏற்ற வந்தவர்கள் பொழுதிருக்கும்போதே வீடு திரும்பிவிட்டனராம். இந்தச் செய்திதான் நம்மை அங்கு இழுத்துச் சென்றது. மற்றபடி இருட்டென்றால் நமக்கும் சற்று நடுக்கம் உண்டு.

கர்நாடக மாநிலத்தில் இருப்பினும் தமிழருக்குத் தங்கவயல் அயலூரன்று. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்தத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் போய்க் குடியேறினர். ஏறத்தாழ 800 டன் பொன் அம்மண்ணிலிருந்து வெளிவந்ததாகக் கணக்குண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பாறை வெடித்துச் சிதறி மாண்டோர் பலர். கல்தூளைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் நோயால் இருமி இருமி மாண்டோரும் பலர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் எடுத்த பொன் எங்கெங்கோ மின்னுகிறது. அவர்களுடைய கல்லறைகளுள் பெரும்பாலானவற்றில் பெயர்கூட இல்லை.

ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் நமக்குத் துணையாக வந்தார். சுரங்கப் பாதைகளுக்கு மரத் தாங்கல் கொடுக்கும் வேலையை முப்பது ஆண்டுகள் செய்தவர். வாயிலருகே ஒரு கல்லின்மேல் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்று கழிந்திருக்கும். திடீரென அடிவயிற்றில் உணரத்தக்கதாய் ஓர் இடி, அதனைத் தொடர்ந்து ஒரு முனகல். அமர்ந்திருந்த கல்லே அதிர்ந்தது. நம் கையிலிருந்த மணிகள் எந்தக் காரண்யத்தில் நின்றன என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

பெரியவரோ அசையவில்லை. "பேயி எங்க சார் வந்துச்சு? பாறைதான் திரும்பிப் படுக்குது. இந்தச் சத்தத்துக்குக் கீழயே முப்பது வருசம் வேல பாத்தேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் உண்மை உண்டு. ஆழத்தில் பாறையைக் குடைந்தெடுத்தால், மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் அழுத்தும் பாரம் எஞ்சிய பாறையின்மேல் ஏறுகிறது. தாங்க இயலாதபோது அது வெடிக்கிறது. வெள்ளையர் காலத்தில் இதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். ஒரு வெடிப்பில் மேலே வீடுகள் நடுங்க, கணவன்மார் கீழே வேலையிலிருக்கும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடுவார்களாம். சுரங்கம் மூடியபின் நீரிறைக்கும் இயந்திரங்களும் நின்றன. வெற்றுப் பாதைகளில் நீர் ஏறலாயிற்று. அதன் பின்னரும் நில அதிர்வுகள் கருவிகளில் பதிவாகியுள்ளன.

வெண்ணுருவத்தைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு, சயனைடு மேடுகள் என்னும் பெயரில் ஊரைச் சுற்றிக் குன்றுகளாய் நிற்கிறது. காற்றெழுந்தால் அந்த மாவு போன்ற தூள் பறக்கும். நிலவொளியில் அது சிலுவைகளினிடையே நகர்வதை நாமும் கண்டோம். மார்புக்கு அது நல்லதன்று. அஞ்சத்தக்கது எதுவென்று நம்மைக் கேட்டால் அந்தத் தூளைத்தான் காட்டுவோம்.

விளக்கு மட்டும் எஞ்சியிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு முன்னதாக அதுவும் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கொன்றைப் புடவைத் தலைப்பால் மறைத்தபடி ஒரு விதவைத் தாய் உள்ளே நுழைந்தார். நம்மைக் கண்டதும் கல்லறையொன்றின் பின்னே பதுங்கினார். பெரியவர் பெயர் சொல்லி அழைத்த பிறகே வெளியே வந்தார்.

கணவர் இருமலிலேயே மாண்டவர். இவர் மாரிக்குப்பத்தில் விடியலுக்குமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, துப்புரவு வேலை செய்து, இரவு திரும்புகிறார். சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு இந்த இரயிலில்தான் ஓடுகிறது. "எனக்கு வேற நேரம் ஏது சார்? ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுப் போயிடுவேன்" என்றார். நெற்றியோரத்தில் ஆறிய காயமொன்று தெரிந்தது. பேயை விரட்டுவதாகச் சில இளைஞர் மதிலுக்கப்பாலிருந்து கல்லெறிந்தனராம். "பேயின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். கல்லு போடாம இருந்தாப் போதும்."

நவம்பர் முதல் நாள் தொடங்கி எட்டாம் நாள் முடியக் கல்லறைகளைச் சந்தித்து, இறந்தோருக்காக வேண்டுவோர், வழக்கமான நிபந்தனைகளுடன் அவர்களுக்கென நிறைவான பலனைப் பெறலாம் எனத் திருச்சபை போதிக்கிறது. ஆண்டு முழுவதும் அந்தக் கடமையைச் செய்துவந்த ஒரே ஆளைத்தான் ஊர் பேயென்று பெயரிட்டிருக்கிறது! பங்குக் குருவானவரிடம் அனைத்தையும் எடுத்துரைத்தோம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் பெயர் குறிப்பிடாமல் கண்டித்துப் பேசினார் என்று கேள்விப்பட்டோம்.

பெரியவரிடமிருந்து சென்ற மாதம் கடிதம் வந்தது. அவர் இப்போது அந்த அம்மாளுக்கு வாயில்வரை துணை போகிறாராம். கல்லெறிந்த இளைஞரில் ஒருவனும் சில நாட்களில் உடன் வருகிறானாம். அவனுடைய பாட்டனாரும் சுரங்கத்தில் மாண்டு அங்கேதான் புதைக்கப்பட்டாராம். டார்ச் விளக்குடன் வரிசை வரிசையாகத் தேடியும், எழுத்துகள் அழிந்துபோன அந்தச் சிலுவைகளில் எது அவருடையதென்று இன்னும் அகப்படவில்லையாம்.