மாதிரிச் சிப்பி

என் தங்கை சாயங்காலத்தில் டெலிபோன் செய்தால் விஷயம் சாதாரணம். காலை ஆறு மணிக்குச் செய்தால் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன மாசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது.

"அண்ணே, பிள்ளை ரெண்டு நாளாச் சரியாச் சோறு திங்க மாட்டேங்கான். பந்து வரமாட்டேங்காம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

பிள்ளை என்றால் அவள் மகன். பத்தொன்பது வயது, இடது கையால் வேகப்பந்து வீசுகிறவன். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு கிளப் அணியில் இடம் கிடைத்திருந்தது. லீக் ஆட்டங்கள் ஆரம்பிக்க இன்னும் மூன்று வாரம். அதற்குள் நடந்த மூன்று பயிற்சி ஆட்டங்களிலும் பையனை அடித்துத் துவைத்துவிட்டார்கள். 14 ஓவர், 97 ரன், ஒரு விக்கெட். அந்த ஒரு விக்கெட்டும் எதிராளி தூங்கி வழிந்ததால் கிடைத்தது என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தானாம்.

எனக்குக் கிரிக்கெட்டைப் பற்றித் தெரிந்தது சொற்பம். ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கல்யாணப் பொருத்தத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் வரை எல்லாம் தெரியும் என்பது என் தங்கையின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று யோசனை. யோசித்ததில் என் தாத்தா நினைவுக்கு வந்தார்.

தாத்தா ஒரு முத்து வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களைக் கண்ணால் பார்த்தவர். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் சலாபமே நடக்கவில்லை; ஆகையால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளக்க வேண்டியிருக்கிறது. கடலுக்கடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. எல்லா வருஷமும் குளித்துவிட முடியாது. முதலில் சர்க்கார் ஆட்கள் படகில் போய்ப் பாரைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று கணக்குப் போடுவார்கள். அதுதான் மாதிரி. அந்த மதிப்பைப் பார்த்துத்தான் சலாபம் நடத்தலாமா என்று தீர்மானமாகும். வியாபாரிகளும் மடியை அவிழ்ப்பார்கள்.

இந்த மாதிரியை நம்பிக் கெட்டவர்கள் உண்டு, நம்பாமல் கெட்டவர்களும் உண்டு. நல்ல முத்து என்பது ஆயிரத்தில் ஒரு சிப்பியில் கிடைத்தாலே அதிர்ஷ்டம். சில ஆயிரம் சிப்பிக்குள் பெரிய முத்து ஒன்று அகப்பட்டுவிட்டால் மதிப்பு ஒரேயடியாக ஏறிவிடும். அகப்படாவிட்டால் அதே பார் தரித்திரம் பிடித்ததாகத் தெரியும். ஒரு மாதிரி என்ன, ஒரு முழு சலாபமே ஏமாற்றியது உண்டு. 1905-ல் இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் சர்க்காருக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். அதைக் கண்டு மயங்கி அடுத்த வருஷமே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பாரில் குளிப்பதற்குச் சிப்பியே இல்லை. கம்பெனி சில வருஷத்தில் கலைந்துபோயிற்று.

ஆகவே, மாதிரியைப் பார்த்துப் பயப்படாதே என்று பையனிடம் சொல்வதாக முடிவு செய்தேன். கையில் வேறு சாட்சிகளும் இருந்தன. 2015-ல் உலகக் கோப்பைக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் நம்மவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். முத்தரப்புப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பயிற்சி ஆட்டத்திலும் ஆஸ்திரேலியாவிடம் நூறு ரன்னுக்கு மேல் வித்தியாசத்தில் தோல்வி. பந்துவீச்சு போதாது என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள். பிறகு போட்டி தொடங்கியதும் தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் ஜெயம். ஏழிலும் எதிரணியின் பத்து விக்கெட்டையும் வீழ்த்தினார்கள். மொத்தம் 70. நம்ம அசுவினும் அதில் 12 எடுத்தார். அரையிறுதியில் தோற்றது வேறு கதை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறதல்லவா? அங்கே இது ஒரு வருஷாந்தர வழக்கு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புளோரிடாவிலும் அரிஸோனாவிலும் பயிற்சி ஆட்டம் நடக்கும். பெரிய பெரிய பந்தெறிபவர்களெல்லாம் அதில் சக்கையாக அடி வாங்குவார்கள். ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எறிகிறவரோ புதிதாக ஒரு பந்தைப் பழகிப் பார்த்திருப்பார். அடி விழுந்தால் அவருக்கென்ன? ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே ரன்னைப் பார்ப்பதில்லையாம். பந்தின் வேகம் போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறதா, கை வலி என்று ஏதாவது பேச்சு உண்டா என்றுதான் பார்ப்பார்களாம். இதைப் படித்தபோது எனக்கு ரசமாக இருந்தது. இதன் முழு அர்த்தம் அப்போது புரியவில்லை.

தருவை மைதானத்தில் பையன் பயிற்சியில் இருந்தான். கடற்காற்று எழும்பியிருந்தது. ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பயிற்சி கொடுப்பவர் நல்ல மனிதர்; பந்து உள்ளே திரும்புகிற மாதிரி வீச ஒரு புதுப் பிடியைக் கற்றுக்கொடுத்திருப்பதாகவும், ரன் போவது அதனால்தான் என்றும் சொன்னார். எனக்கு ஏக சந்தோஷம். நான் பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்த கட்சிக்கு நிபுணரே சாட்சி!

பையனைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக்கொடுத்து, தொள்ளாயிரம் பார் முதல் புளோரிடா வரை சொல்லி முடித்தேன். சின்னப்பம்பட்டி நடராஜனையும் விடவில்லை. 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி கொடுத்து எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அவரும் இடது கைக்காரர்தானே? 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார் என்றேன். பையன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கதை கேட்கிற குழந்தையைப் போல அல்ல; பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவனைப் போல.

டீ கிளாஸை அவன் வலது கையில் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சாப்பாட்டைத் தவிர மற்றதற்கெல்லாம் அவனுக்கு இடது கைதான். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறான். மைதானத்தில் பார்த்த ஒரு காட்சியும் உடனே மனசில் வந்து நின்றது. எல்லையிலிருந்து பந்தை எடுத்தபோதெல்லாம் அவன் தோளை உயர்த்தி எறியவில்லை. கீழ்க்கையாக உருட்டித்தான் விட்டான். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

தாத்தாவைப் பற்றி நான் பாதிதான் சொன்னேன். மாதிரி வந்து இறங்கினால் வியாபாரிகள் முத்தைச் சுற்றி மொய்ப்பார்கள். தாத்தா மட்டும் ஒதுக்கிப்போட்ட ஓட்டுக் குவியலுக்குப் போவார். செத்து வாய் பிளந்த சிப்பி எத்தனை, ஓட்டில் துளை விழுந்தது எத்தனை, வயசு போதாதது எத்தனை என்று புரட்டிப் பார்ப்பார். நாற்றம் குடலைப் பிடுங்கும், அவர் அசையமாட்டார். இந்தப் பாதியை நான் பையனிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

"எத்தனை நாளா வலிக்கு?" என்றேன்.

பையன் பதில் சொல்லவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பொங்கல்ல இருந்து மாமா" என்றான். "அம்மாகிட்ட சொல்லிராதிய. கோச்சுக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாவ."

இரண்டு மாதம்! முதல் தடவையாகக் கிடைத்த இடம் போய்விடக்கூடாது என்று ஒரு பிள்ளை இரண்டு மாதம் வலியை விழுங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நான் ஆறு மைல் நீளத்துக்கு உபதேசம் செய்திருக்கிறேன். நடராஜன் கதையிலும் அந்தப் பிரிஸ்பேனோடு நிறுத்திவிட்டேனே! 2021 ஏப்ரலில் அவர் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை நான் சொல்லவில்லை. கதைக்கு அது பொருந்தி வரவில்லை என்று விட்டிருப்பேன். தொழில் புத்தி.

அன்றே டாக்டரிடம் போனோம். தோள்பட்டைத் தசை நார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றார். பயிற்சி கொடுப்பவரிடம் பையனே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். நான் வாசலில் நின்றுகொண்டேன். அவர் கோபிக்கவில்லை. ஆனால் முதல் ஆட்டங்களுக்கு வேறு ஒரு பையனைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

ராத்திரி தங்கை வீட்டில் சாப்பாடு. பையன் தலை கவிழ்ந்தபடி பிசைந்து பிசைந்து சாப்பிட்டான். அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்போ, அந்த 97 ரன்னுக்குக் கவலப்பட வேண்டாங்கியளா?"

"அதுக்கு வேண்டாம்" என்றேன்.

பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதுல பதினெட்டு ரன் கேட்ச் விட்டதால போனது மாமா" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.