இரண்டு வேண்டாம்கள்

பெரியம்மா இரண்டு முறை ‘வேண்டாம்’ என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன்.

முதல் முறை, மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோது. “மக கல்யாணத்துக்குச் சேத்த பணம்ட்டி அது. இந்த வயசுல எனக்கு எதுக்குச் செலவு?” அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. அவர் உயிருக்கு வீடு வைத்திருந்த விலையை அவர் வாயாலேயே சொன்னார், அவ்வளவுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு அலைந்து சம்மதிக்க வைத்தோம். அறுவை சிகிச்சை, ஆறு கீமோ. முடி கொட்டியது; பிறகு முளைத்தது. நான்கு வருடம் நன்றாக இருந்தார்.

பிறகு நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவியது. மருத்துவர் பெரியப்பாவிடமும் அண்ணனிடமும்தான் பேசினார். கீமோ கொடுத்தால் சில மாதங்கள் கூடலாம் என்றார். ஒப்புதல் படிவத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினார். அருகில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “இதப் போட்டா சரியாயிருமா?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. “அப்ப வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து குடுங்க.”

2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அவள் தாயின் சம்மதத்தை வாங்கி அகற்றியிருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒரு பெண்ணுக்காகப் பெற்ற தாயும் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தாள். என் பெரியம்மா விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

‘என் உடல், என் உரிமை’ என்று வகுப்பில் பேசுகிறவள் நான். ஒரு வாரம் அவரை அழுது நச்சரித்தேன். மீண்டு வந்தவர்களின் வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். கடைசியில் அவர் சொன்னார்: “போன தடவ ஒங்களுக்காகச் செஞ்சுக்கிட்டேன். இந்தத் தடவ எனக்காகக் கேக்கேன்.”

அதன் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பணத்துக்காகச் சொல்கிறாரா, பயமா, நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று. எல்லாம் தெரிந்திருந்தது. கீமோவைத்தான் மறுத்தார், மருத்துவத்தை அல்ல. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். மார்ஃபின் மாத்திரையை நேரம் தவறாமல் கேட்டு வாங்கினார். ஏழு மாதம் தன் வீட்டுத் திண்ணையில், தன் முடியோடு இருந்தார்.

கீமோ எடுத்திருந்தால் என்று மனம் இன்றும் கணக்குப் போடுகிறது. அவர் முடிவோடு நான் உடன்பட்டேன் என்று சொல்ல மாட்டேன்; கூட இருந்தேன்.

அம்மாவின் மருத்துவ ஃபைலோடு என் அறைக்கு வரும் மாணவிகளிடம் இப்போது முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: “இதுல இருக்கிறது அம்மாவுக்குத் தெரியுமா?”