ஃபார்மட் அடிக்காதவர்

அவர் பையைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஓர் அழிரப்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் டப்பாவில் வைத்திருப்பார்களே, அதேதான்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அன்று 18-ஆம் தேதி. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களின் கணக்கை 20-க்குள் ஏற்றியாக வேண்டும். கணக்கு மென்பொருளான டேலி இருக்கிற கம்ப்யூட்டரோ காலையிலிருந்து உயிர்பெறவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு, உள்ளிருந்து நீளமான பீப் சத்தம் மட்டும் விட்டு விட்டு வருகிறது.

“ரேமாத்தான் இருக்கும், பாத்துக்கிடுங்க” என்று தரையில் சம்மணமிட்டார். மூடியைக் கழற்றி, ரேமின் இரு பக்கக் கிளிப்பையும் அழுத்தி எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். துகளைப் பெயிண்ட் பிரஷால் தட்டினார். ஸ்லாட்டில் இருந்த தூசியை ப்ளோயரால் ஊதினார். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், கூடாதாம். ‘டக்’கென்று உட்காரும்வரை ரேமை அழுத்திவிட்டு சுவிட்சைப் போட்டதும் திரை வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆடிட்டர் அம்மா பெருமூச்சு விட்டார். இவர் எழுந்திருக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றுவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. விசாரித்த இடத்திலெல்லாம் அவரைப் பற்றி ஒன்றையே சொன்னார்கள்: “அவரு ஃபார்மட் அடிக்க மாட்டாரு.” கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும், பிரிண்டர் முரண்டு பிடித்தாலும், “ஓ.எஸ். போட்டுரலாம் சார்” என்று ஆரம்பிக்கிறவர்களையே பார்த்துப் பழகியவன் நான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. ஆனால் சுலபம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், யோசிக்க வேண்டியதில்லை, காசும் வரும்.

“ரேம் கோளாறு இன்னைக்கு வந்தது. மூணு மாசமா ஸ்லோவா இருக்குன்னு சொல்லுதாங்கள்லா, அது வேற” என்றபடி பென்டிரைவைச் செருகினார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறிய மென்பொருள் திறந்தது. ஜப்பானியர் ஒருவர் எழுதி இலவசமாகத் தந்திருப்பது. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது: கெட்டுப்போன செக்டர் எத்தனை, மாற்று இடம் கொடுத்தது எத்தனை, படிக்க முடியாமல் நிலுவையில் கிடப்பது எத்தனை. அந்தக் குறிப்பை நமக்குப் படித்துக்காட்டுவதுதான் இதன் வேலை. நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வந்தால் மோசம்.

மஞ்சள் காட்டியது.

“இதுல இப்ப விண்டோஸைப் புதுசாப் போட்டா நல்லாத்தான் ஓடும், ரெண்டு வாரத்துக்கு. அப்புறம் டிஸ்க்கும் போயிரும், டேலியும் போயிரும்.” முதலில் டேலி ஃபோல்டரை மட்டும் தன் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தார். வேறு எதையும் தொடுவதற்கு முன் இது. பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டார். சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கும் மேலும் நோகும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டவற்றைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து ஒவ்வொன்றாக முயல்கிறது. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சண்டைக்காரரிடம் கடைசியில் போகிற மாதிரி. 500 ஜிபி டிஸ்க், புது எஸ்எஸ்டிக்கு மாற இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார். கிளம்பினோம்.

வண்ணார்பேட்டையில் ஒரு டிடிபி சென்டர். யாரோ ஒருவர் முந்தின நாள் ஃபார்மட் அடித்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் கொத்துக் கொத்தாக நின்றன. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கடைக்காரத் தம்பி ஃபைல் கெட்டுவிட்டது என்று அழாத குறை. கெடவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது அது. அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான், பாமினி அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. விண்டோஸை மாற்றியவர் முகமூடியைக் கழற்றிவிட்டார், அவ்வளவுதான். நம்மவர் பையில் ஒரு ஃபோல்டர் நிறையப் பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன. கூடவே தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர், யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர். டெஸ்க்டாப் சப்போர்ட் கருவிகள் என்று உலகம் போடுகிற பட்டியல்களில் இவை வராது. நெல்லையில் இவை இல்லாமல் தொழில் நடத்த முடியாது.

டீக்கடையில் பையை ஆராய்ந்தேன். மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், லேன் டெஸ்டர், தெர்மல் பேஸ்ட், அரை டஜன் சிஆர்2032 பேட்டரி. தேதி பின்னுக்குப் போகும் கம்ப்யூட்டருக்கு இந்தச் சில்லறைப் பேட்டரிதான் மருந்து. வளைத்த பேப்பர் கிளிப் எதற்கு என்றேன். மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் அதால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே அது ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

பென்டிரைவ் ஒன்றேதான். வென்டாயை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், ஐஎஸ்ஓ ஃபைல்களை அப்படியே காப்பி செய்துகொண்டு, எது வேண்டுமோ அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். முன்பெல்லாம் சிடி பவுச்சைச் சுமந்தாராம், அதில் ஹைரன்ஸ் பூட்சிடிதான் ராஜா. இப்போது அதன் புது வடிவமும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவர் அதிகம் புகழ்ந்தது ஆட்டோரன்ஸை. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட்டே அதை வாங்கிக்கொண்டது. விண்டோஸ் எழும்போது கூடவே எழுகிற அத்தனையையும் அது வரிசையாகக் காட்டிவிடும். ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற மென்பொருள்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “மெஷின் ஸ்லோவாகுறதே அதுகளாலதான்.”

அதற்குள் ஒரு போன், பிரிண்டர் வரவில்லை என்று. ஸ்பூலரை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னார், வந்துவிட்டது. தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் நுழைந்து பார்க்கலாமே என்றேன். அதை வைத்துப் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று 2019-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அதனால் வாடிக்கையாளர் தானே கூப்பிட்டால்தான் இவர் நுழைவார், முடிந்ததும் வாடிக்கையாளர் கையாலேயே மூடச் சொல்வார்.

ஆடிட்டர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது டிடிரெஸ்க்யூ முடியும் தறுவாயில் இருந்தது. எஸ்எஸ்டியை மாட்டினார், டேலி பழைய இடத்திலேயே திறந்தது. பழைய டிஸ்க்கில் மார்க்கரால் தேதி எழுதி ஆடிட்டர் அம்மா கையிலேயே கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு அவர் கடையில் ஒரு லேப்டாப் காத்திருந்தது. பயோஸ் அப்டேட் ஆன பிறகு நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவியைக் கேட்கிறது. 48 இலக்கம். கொண்டுவந்த கல்லூரிப் பெண்ணுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. சாவி இருக்கக்கூடிய மைக்ரோசாஃப்ட் கணக்கை, வாங்கிய கடையில் எந்த மின்னஞ்சலைப் போட்டுத் திறந்தார்கள் என்றும் தெரியாது. நம்மவர், சென்னையில் ஒரு நிறுவனத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கும் தன் தம்பி கதையைச் சொன்னார். 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன அல்லவா, அன்று மேசை மேசையாகப் போய் இந்த 48 இலக்கத்தைக் கையால் அடித்தார்களாம். அவர்களிடம் சாவி இருந்தது.

இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணின் பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். எதிலும் இல்லை. சாவி இல்லாமல் அந்தப் பூட்டைத் திறக்க அவர் பையில் எதுவும் கிடையாது, யார் பையிலும் கிடையாது. “ஃபார்மட்தாம்மா” என்றார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அப்போதுதான். மூன்று வருஷப் படங்கள் அதில் இருந்தனவாம்.

புது லேப்டாப் பலவற்றில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு விழுந்திருக்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த 48 இலக்கம் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.