மலைக்கு டைம்டேபிள் தெரியாது!

கடலூர் செம்மண்டலத்துக்காரனுக்கு மேடு என்றால் கெடிலம் பாலம்தான். அவன் 9,700 அடி உயரத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? முதலில் மூச்சு வாங்கும். அப்புறம் பயங்கரமாகப் பசிக்கும்.

கல்பா. இமாசலப் பிரதேசம், கின்னௌர் மாவட்டத்துக் கிராமம். சிம்லாவிலிருந்து ஒரு முழுப் பகல் பஸ். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே சட்லெஜ் நதி. டிரைவர் அவர்பாட்டுக்கு ஓட்ட, பயணிகள் அத்தனை பேரும் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தோம். ரெக்காங் பியோவில் இறங்கி, வேறு வண்டி பிடித்து மேலே ஏற வேண்டும்.

நான் தங்கியது நாலே அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ். கல்லும் மரமுமாகக் கட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே 6,050 மீட்டர் உயரக் கின்னர் கைலாஷ். எங்கள் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர், கயிலையைக் காண உடம்பு தேயத் தேய நடந்தவர். (அது திபெத்தில் இருக்கிற கயிலை.) எனக்கோ, ரஜாயைப் போர்த்திக்கொண்டு கட்டிலிலேயே தரிசனம்! ரூம் சர்வீஸ் என்பது, வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நின்று "பேட்டா, ரொட்டி தயார்!" என்று குரல் கொடுப்பது. வெந்நீர் ஒரு பக்கெட். அதற்குத் தனிக் காசு.

கீழ்த்தளத்தில் மாவு, அரிசி, ராஜ்மா மூட்டைகள். பக்கத்தில் விறகுக் குவியல். என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? "இவ்வளவு பணத்தைச் சரக்கில் முடக்கலாமா மாதாஜி?" என்றேன், அரைகுறை இந்தியில்.

"ரோடு அடைச்சுட்டா உன் கணக்கு நோட்டையா சாப்பிடறது?" என்றார்.

நியாயம்தான். 2021 ஆகஸ்டு 11-ம் தேதி இதே மாவட்டத்தில் நிகுல்சாரியில் மலை சரிந்து, பஸ்ஸில் வந்தவர்கள் உள்பட 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பனியும் லேசுப்பட்டதல்ல. முதல் பொதுத்தேர்தலில் நாட்டின் பெரும்பகுதி 1952-ல் ஓட்டுப் போட, பனி வந்துவிடும் என்று இங்கே 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவை முடித்துவிட்டார்கள். அன்று சுதந்திர இந்தியாவின் முதல் ஓட்டைப் போட்டவர் என்று புகழ்பெற்ற சியாம் சரண் நேகி, இந்த ஊர் ஆசிரியர். 2022 நவம்பர் 2-ல் தபால் ஓட்டும் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் கண்ணை மூடினார்.

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயலைப் பார்த்த எங்களுக்கு இந்தப் பயம் புரியும். அரிசி டப்பாவும் மெழுகுவத்தியும் எவ்வளவு பெரிய சொத்து என்று அன்றைக்குத் தெரிந்தது.

போகிறவர்களுக்கு: மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாடகையில் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் மாட்டிக்கொண்டால் சாப்பிடப்போகும் மூட்டையும் அதில் அடக்கம். ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள். மலைக்கு ரயில்வே டைம்டேபிள் தெரியாது!