பண்டாரவளைக் கடையில் கேட்ட கணக்கு

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலையில் ரயில் ஏறினால் பண்டாரவளைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்று சொன்னார்கள். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான் போனபோது அப்படித்தான் ஆயிற்று. ஹட்டன், நானுஓயா, ஹப்புத்தளை என்று வண்டி மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மலையேறியது. ஹப்புத்தளையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சைப் பாய் விரித்த மாதிரி.

இந்த இருப்புப்பாதை பண்டாரவளையைத் தொட்டது 1894இல். அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. வெள்ளைக்காரன் தேயிலையை இறக்கப் போட்ட பாதை அது. தேயிலைக்குப் பின்னால் தோட்டத்துத் தொழிலாளர் வந்தார்கள். அவர்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு விற்கக் கடைக்காரர் வந்தார். அந்தக் கடைக்காரர்களில் பலர் நம்மவர்கள். இலங்கையின் கரையோர ஊர்களிலிருந்து ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து தோணியேறி வந்தவர்கள் இன்னொரு பக்கம். இன்று பதுளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். பண்டாரவளை, பதுளை, வெலிமடை கடைவீதிகளிலும், குருத்தலாவ, சில்மியாபுர போன்ற விவசாயக் கிராமங்களிலும் சிதறி வாழ்கிறார்கள்.

நான் புறப்படும்போது எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். “அரபு நாடுகளும் ஈரானும் இலங்கைக்கு எவ்வளவோ கொடுக்கின்றன என்கிறார்களே, அதில் அங்கேயுள்ள நம் மக்களுக்கு என்ன கிடைத்தது? விசாரித்து வாரும்” என்றார். சுலபமான கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன்.

பஜாரில் ஒரு மளிகைக் கடை. மூன்றாம் தலைமுறைக் கடை என்றார் உரிமையாளர். எங்களூரில் மூத்தவரைக் காக்கா என்போம், அங்கே நானா. நானா முதலில் பிளேன்டீ வரவழைத்தார். பால் இல்லாத, சீனி தூக்கலான தேநீர். அப்படி ஒரு மணத்தை நான் குடித்ததில்லை. “ஆகஸ்ட் மாசமல்லவா, காத்துப் பிடிச்ச கொழுந்து” என்றார். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்பார்கள். அந்தக் காற்று அடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு.

நான் கேள்வியைப் போட்டேன். நானா கோப்பையைக் காட்டினார். “இதுதான் தம்பி முதல் கணக்கு.”

இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் ஈராக், துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், லிபியா என்று பெயர்கள் வரும். ஈரான் கதை இன்னும் சுவையானது. 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை ஈரானுக்கு 25 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பொருளாதாரத் தடையால் டாலர் அனுப்ப வழியில்லை. ஆகவே 2021 டிசம்பரில் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மாதம் 50 லட்சம் டாலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும். கடன் அந்த அளவுக்குக் குறையும். ஏற்றுமதியாளருக்கு உள்நாட்டிலேயே ரூபாயில் பணம் வரும். 2023இல் சரக்குப் போகத் தொடங்கியது. பண்டமாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான்!

“அதில் உங்களுக்கு என்ன?” என்றேன்.

“கொழுந்துக்கு விலை வந்தா லயத்துக்குக் காசு வரும். லயத்துக்குக் காசு வந்தா எங்கட கடன் கொப்பிக்கு உயிர் வரும்.” கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கொப்பியை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகத் தோட்டத்துத் தமிழர் பெயர்கள். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் அதில் கோடு கிழியும்.

மறுநாள் வெலிமடைப் பக்கம் போனோம். வழியில் உமா ஓயாத் திட்டத்தின் அணைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. புஹுல்பொலவிலும் டயரபாவிலும் தண்ணீரைத் தடுத்து, பண்டாரவளை மலைகளுக்கு அடியில் சுமார் 15 கி.மீ. சுரங்கம் வழியாகக் கொண்டுபோய், வெல்லவாயப் பக்கம் பூமிக்குள்ளேயே மின்சாரம் எடுக்கும் திட்டம். 120 மெகாவாட். பிறகு அந்த நீர் தெற்கு வயல்களுக்குப் போகும். ஈரானிய நிறுவனம் கட்டியது. 2008இல் ஈரானிய அதிபர் அஹமதி நெஜாத் வந்தபோது தொடக்க விழா நடந்தது. ஈரான் கடனாக 5 கோடி டாலர் தந்த நிலையில் தடைகள் குறுக்கிட்டன. மிச்சத்தை இலங்கை அரசே போட்டது. 2024 ஏப்ரல் 24ஆம் தேதி அதிபர் ரயீசி நேரில் வந்து திறந்து வைத்தார். அடுத்த மாதமே அவர் ஹெலிகாப்டர் விபத்தில் காலமானதை வாசகர்கள் அறிவார்கள்.

இவ்வளவும் பெருமைக்குரியதுதான். ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும்போது பூமிக்குள் இருந்த நீர் உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின. வீடுகள் விரிந்தன. தண்ணீர் பவுசரை எதிர்பார்த்துக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். 2017 ஜூனில் பண்டாரவளையில் கடையடைப்பு நடந்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று கிணறு பார்த்து வற்றவில்லை. வீதிக்கு வந்தவர்களும் அப்படிப் பிரிந்து வரவில்லை. முஸ்லிம் நாடு கட்டியது என்பதற்காக முஸ்லிம் வீட்டுக் கிணறு தப்பவுமில்லை என்று நானா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது.

குருத்தலாவயில் உருளைக்கிழங்கும் கோவாவும் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். (முட்டைக்கோஸைத்தான் அங்கே கோவா என்கிறார்கள். நான் பால்கோவா என்று நினைத்து ஏமாந்தேன்.) எங்கே போகிறது என்றால், “ஏறாவூருக்கு” என்றார் ஓர் இளைஞர். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதை கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்களை இந்த மலையோடு இணைக்கிறது. செங்கலடிக்கு அடுத்தாற்போல் ஏறாவூர், இன்னும் தெற்கே காத்தான்குடி. 2009இல் முடிந்த போரின் காலத்தில் அது பயந்து பயந்து போகும் பாதை. பிறகு குண்டும் குழியுமான பாதை. பிபிலைக்கும் செங்கலடிக்கும் இடையே அதைச் செப்பனிடக் கடன் கொடுத்தவர்கள் சவூதி வளர்ச்சி நிதியமும் ஒபெக் நிதியமும். சாலை ஓரத்துப் பலகையை யாரும் நின்று வாசிப்பதில்லை. ஆனால் இரண்டு முஸ்லிம் சிறுபான்மைகள் கிழங்கையும் அரிசியையும் மாற்றிக்கொள்ள அந்தச் சாலை உதவுகிறது. அதே சாலையில் சிங்கள விவசாயியும் தமிழ் வியாபாரியும் போகிறார்கள். ஆகவே யாரும் அதை எதிர்க்கவில்லை.

பெயர் எழுதி வந்த உதவி ஒன்றும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரசு 500 வீடுகள் கட்டிக் கொடுத்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பள்ளிவாசலோடு ஓர் ஊரே. பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென்று எண்ணிக் கட்டியது. வழக்குப் போடப்பட்டது. ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கலாகாது, இன விகிதப்படி எல்லாருக்கும் பகிர வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. கதவு ஜன்னல்களைக் காடு மூடியது. கடலில் வீட்டைப் பறிகொடுத்தவன் அதைப் பார்த்துக்கொண்டே வாடகை வீட்டில் இருந்தான். யாரைக் குறை சொல்வது? கொடுத்தவர் மனதில் நல்லெண்ணம்தான் இருந்தது.

பிலிப்பைன்சின் மிந்தனாவோவில் 2006 முதல் ஜப்பான் அரசு மோரோ முஸ்லிம்களின் பகுதிக்கென்றே தனித் திட்டம் வைத்து உதவி வருகிறது. அங்கே அது நடக்கிறது. ஏனென்றால் அவர்களுக்கென ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. 2019இல் புதிய தன்னாட்சி அரசும் அமைந்தது. ஊவா முஸ்லிமுக்கு நிலப்பரப்பு ஏது? அவனுக்கு இருப்பது ஒரு கடை, ஒரு கொப்பி, பக்கத்துக் கடைக்காரரின் நல்ல முகம்.

அந்த முகம் மாறிய மாதங்களையும் நானா பார்த்திருக்கிறார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடெங்கும் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தபோது, காலையில் கடையைத் திறந்து மாலையில் வெறுங்கல்லாவோடு மூடியிருக்கிறார். “அப்ப எந்த நாட்டு ஒப்பந்தமும் வரல்ல தம்பி. தோட்டத்து ஆக்கள்தான் முதல்ல வந்தாங்க. பழைய கடன் கட்ட வந்தாங்க, புதுக் கடன் வாங்க வந்தாங்க.”

பெரியவரின் கேள்வியை நான் அவரிடம் மறுபடி கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று ஃபஜ்ருக்குப் பின் கடை வாசலில் ஏறாவூர் லொறி நின்றது. அரிசி மூட்டைகள் இறங்கின, கிழங்கு மூட்டைகள் ஏறின. முன்பெல்லாம் வழியில் ராத்தங்குவோம், இப்போது லுஹருக்கு வீட்டில் இருப்பேன் என்றார் ஓட்டுநர். நானா கொப்பியில் எழுதினார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஏறாவூருக்கும் ஒருக்கா வாங்க, நல்ல தயிர் தாறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.