திறக்காத கத்தி

பாம்பனில் மாமாவோட வள்ளத்தில் போயிருந்தபோது தூண்டில் நரம்பு என் இடது மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. மறுமுனையில் பெரிய மீன். வலது கையால் மடக்குக் கத்தியை எடுத்து நெம்பிப் பார்த்தேன், திறக்கவே இல்லை. நரம்பு தோலுக்குள் இறங்கியபோது மாமா தன் துருப்பிடித்த பழைய கத்தியால் அறுத்துவிட்டார். "பளபளன்னு இருந்து என்ன மாப்ளே, வாயத் தொறக்கலையே" என்றார்.

வீட்டில் கழற்றிப் பார்த்தால், அலகு சுத்தமாக இருந்தது. கீலுக்குள்தான் துரு. எவர்சில்வரைக் காப்பது குரோமியம் போர்த்தும் மெல்லிய படலம். கீறல் விழுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேணும். இடுக்கில் தேங்கிய உப்புத் தண்ணியில் ஆக்சிஜன் தீர்ந்துபோக, குளோரைடு அந்தப் படலத்தை அரித்துவிடும். மாமாவின் கத்தி வெறும் இரும்பு, மேலெல்லாம் துரு. ஆனால் அதற்குக் கீல் கிடையாது.

கார்பன் குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், எச்-1, எல்சி200என் போன்ற உருக்குகளில் கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்க்கிறார்கள். எச்-1 வாங்கினேன். அதில் கார்பன் அதிகபட்சம் 0.15 சதவீதம். சீக்கிரம் மழுங்குது, அடிக்கடி தீட்டணும், பரவாயில்லை. ஆனால் கடையில் முதலில் பார்த்தது வேறு: பிடியின் முதுகு திறந்திருக்கிறதா, நல்ல தண்ணி உள்ளே போய் வெளியே வருமா, ஒரு கையால் திறக்க முடியுமா.

இப்போது கரை ஏறியதும் விரித்து அலசுகிறேன். பிறகு ஈரம் காயாத வலது கையால், கண்ணை மூடி ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இடது மணிக்கட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கு.