உளியை யார் செய்வது?

உல்சான், தென் கொரியா

அன்புள்ள தம்பி,

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2029 முதல் இன்ஜின் செய்யப் போகிறார்களாம், வேலைக்கு முயற்சி செய்யட்டுமா என்று கேட்டிருந்தாய். அவசியம் செய். அதற்கு முன் நான் பிழைக்க வந்த இந்த ஊரின் கதையைக் கேள்.

உல்சானும் நம் மாமல்லபுரம் போலக் கடலோரத்து ஊர். 1968-ல் ஹூண்டாய் இங்கே முதன்முதலில் செய்த கார் அதன் சொந்தக் கார் அல்ல, ஃபோர்டின் கோர்ட்டினா. பாகங்கள் கப்பலில் வந்தன, இவர்கள் பூட்டினார்கள். கூட்டாக இன்ஜின் ஆலை அமைக்க ஃபோர்டுடன் நடந்த பேச்சு முறிந்தது. ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் சொந்தக் கார் செய்யத் துணிந்தார். 1976-ல் போனி விற்பனைக்கு வந்தது. அதன் உருவம் இத்தாலியின் ஜுஜாரோ வரைந்தது, இன்ஜின் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது. எல்லாமே இரவல் அறிவு. ஆனால் இரவல் வாங்கியதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கார்களை உள்ளே விடாமல், உள்ளூர்ப் பாகங்களைக் கூட்டச் சொல்லி அரசும் விரட்டியது. 1991-ல் சொந்த இன்ஜின் பிறந்தது. ஏழே ஆண்டில், 1998-ல், நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் புறப்பட்டது. கோர்ட்டினாவைப் பூட்டியவர்கள் முப்பதே ஆண்டில் நமக்கு முதலாளிகளாக வந்தார்கள்.

நம் பக்கம் பார். ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்கா வரை கப்பலேறியது. நம் ஆட்களின் கை அவ்வளவு சுத்தம். ஆனாலும் 2021 செப்டம்பரில் விலகல் அறிவிப்பு வந்தது, 2022-ல் ஆலை ஓய்ந்தது. ஆலை நம் மண்ணில் நின்றது. அதை நிறுத்தும் முடிவு அமெரிக்காவில், ஃபோர்டின் தலைமையகமான டியர்பார்னில் பிறந்தது. இப்போது 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின் என்று திரும்பி வருகிறார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். வந்த பணத்தால் வயிறு நிறையும். ஆனால், வந்த வித்தையைக் கற்றால்தான் நாடு முன்னேறும்.

நம் ஊர்ச் சிற்பக்கூடம் நினைவிருக்கிறதா? புதிதாகச் சேர்ந்த பையனைச் சிலையில் கை வைக்க விடமாட்டார்கள். முதலில் உளியைக் காய்ச்சித் தட்டிக் கூராக்கப் பழக வேண்டும். அடுத்தவன் தீட்டித் தந்த உளியால் எத்தனை சிலை செதுக்கினாலும், உளி மழுங்கிய அன்று வேலை நின்றுவிடும். காருக்கு உளி, அதன் இன்ஜின். இன்ஜினுக்கு உளி, அதை வார்க்கும் அச்சு.

அதனால் தம்பி, வேலை கிடைத்தால் லைனில் நிற்பதோடு நின்றுவிடாதே. ஷிப்ட் முடிந்ததும் டூல் ரூம் பக்கம் போ. அச்சை எங்கே வெட்டுகிறார்கள், வரைபடம் யார் போடுகிறார்கள், அச்சு பழுதானால் நம் ஆளே சரி செய்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்